இருவரையும் கேளுங்கள்: முதிய தம்பதியரின் மனச்சோர்வு குறித்த கொள்கைப் பிரகடனம்

முதுமையில் சேர்ந்து வாழும் கணவன் மனைவியில் ஒருவரைப் பிடிக்கும் மனச்சோர்வு அந்த ஒருவரோடு நிற்பதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அது மற்றவரிடமும் போய்ச் சேருகிறது. அங்கிருந்து முதலாமவரிடமே திரும்பி வந்து அவரை இன்னும் கீழே தள்ளுகிறது. ஆனால் மருத்துவமனையில் ஒருவர் பெயருக்குத்தான் சீட்டு போடுகிறார்கள். வீட்டிலும் ஒருவரைத்தான் நோயாளி என்று பார்க்கிறோம். இதை மாற்றுவதற்காக இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். இதில் இருப்பவர்கள் வயதான பெற்றோரின் பிள்ளைகள், கிராம செவிலியர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மனநல மருத்துவர்கள். இவர்களுக்கெல்லாம் முன்வரிசையில், ஒரே கூரையின் கீழ் ஐம்பது வருடம் வாழ்ந்து இன்று ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டிருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள்.

தம்பதியரின் முதுமையைக் கொண்டாடத் தெரிந்த சமூகம் நம்முடையது. அறுபதுக்குச் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். திருக்கடையூர் அமிர்தகடேஸ்வரர் கோயிலுக்குப் போனால் மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கும் முதிய ஜோடிகளைப் பார்க்கலாம். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் சுற்றி நின்று கலச நீரை ஊற்றுகிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள், காலில் விழுகிறார்கள், சாப்பிட்டுவிட்டு அவரவர் ஊருக்கு வண்டி ஏறுகிறார்கள். அதன் பிறகு வரும் பத்துப் பதினைந்து வருடங்களில் அந்த இருவருக்குள்ளும் என்ன நடக்கிறது என்று கேட்பதற்கு நம்மிடம் எந்தச் சடங்கும் இல்லை. அப்படி ஒரு கேள்வி கேட்கும் வழக்கத்தை உண்டாக்குவதுதான் எங்கள் முதல் வேலை.

இது எப்படி வளர்கிறது

ஒரே நாளில் வந்து விழுந்தால் வீட்டில் யாருக்காவது தெரிந்திருக்கும். மெல்ல மெல்ல வருவதால் தெரிவதில்லை. பெரும்பாலும் உடம்பில்தான் தொடங்குகிறது: முழங்கால் தேய்மானம், குளியலறையில் ஒரு வழுக்கல், லேசான பக்கவாதம், காது மந்தம், கண்புரை. காலையில் டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் பார்த்து நாலு பேரோடு பேசிவிட்டு வரும் பெரியவர் அதை நிறுத்துகிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போன அம்மா, "இவரைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது" என்று அதை நிறுத்துகிறார். முன்பெல்லாம் கல்யாணப் பத்திரிகை வந்தால் இருவரும் போனார்கள். பிறகு ஒருவர் மட்டும் போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல்கூடத் திரும்பினார். அதற்கப்புறம் மொய்ப்பணம் பக்கத்து வீட்டுக்காரர் கையில் போனது. சில வருடங்களில் பத்திரிகை வைக்கவே யாரும் படியேறுவதில்லை. இதில் எந்தக் கட்டத்திலும் யாரும் அழவில்லை, யாரும் மருத்துவரிடம் போகவில்லை. ஆனாலும் இருவரின் உலகமும் ஒரு முன்னறை, ஒரு டிவி, ஒரு மாத்திரை டப்பா என்று ஆகிவிட்டது.

அடுத்தது சமையல். "ரெண்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு" என்று பொரியல் போகிறது, குழம்பு போகிறது, காலையில் வடித்த சோறும் ரசமும் இரவுவரை வருகின்றன. பசி குறைந்ததை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பெரியவர் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு புரள்கிறார். அந்தச் சத்தத்தில் அம்மாவின் தூக்கமும் போகிறது. இருவர் தூக்கமும் கெட்ட வீட்டில் பகலில் பேச்சு குறைகிறது, அல்லது பேசுவதெல்லாம் எரிச்சலாக வருகிறது. ஆண்கள் பலரிடம் மனச்சோர்வு துக்கமாக வெளிப்படுவதில்லை. காப்பி ஆறிவிட்டது, மின்விசிறி சத்தம் போடுகிறது, பிள்ளை போன் பண்ணவில்லை என்று ஓயாத கோபமாக வருகிறது. பெண்கள் பலரிடம் அது உடம்பு வலியாக வருகிறது. "கை கால் எல்லாம் குடையுது, ஒரே அசதி" என்று அம்மா கிளினிக்குக்குப் போகிறார். ஒரு ஊசி, பத்து நாளைக்குச் சத்து மாத்திரை. மனசு எப்படி இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இந்தக் கட்டத்துக்குப் பிறகு நடப்பதைத்தான் எங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தன் மனைவி தளர்வதைப் பெரியவர் பார்க்கிறார். "என்னாலதான் இவளுக்கு இந்தப் பாடு" என்ற எண்ணம் அவருக்குள் உட்கார்ந்துவிடுகிறது. அளவு மீறிய குற்ற உணர்வு மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. இங்கே அந்தக் குற்ற உணர்வுக்குக் கண்ணெதிரே ஒரு சாட்சியும் கிடைத்துவிடுகிறது. அவர் மாத்திரையைத் தள்ளிவைக்கிறார், பிசியோதெரபி பயிற்சியை விடுகிறார், சர்க்கரை ஏறுகிறது, நடமாட்டம் இன்னும் குறைகிறது. அவரைத் தூக்கிப் பிடிக்கும் வேலை அம்மாவின் இடுப்பில் இறங்குகிறது. அம்மா தளர, அவர் மேலும் தளர்கிறார். இந்தச் சுழலை எந்த இடத்தில் வெட்டினாலும் இருவருக்கும் பலன் உண்டு. வெட்டாமல் விட்டால் இருவரும் இழக்கிறார்கள்.

இதை ஊகத்தில் சொல்லவில்லை. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்து முதிய தம்பதியரை ஆராய்ந்த ரோனி பெத் டவரும் ஸ்டானிஸ்லாவ் காஸ்லும் 1990களின் நடுவில் ஒரு முக்கியமான உண்மையை எழுதினார்கள்: ஒருவரின் மனச்சோர்வு துணையை அதிகம் தொட்டது நெருக்கமான தம்பதியரிடையேதான். 2011-ல் கிறிஸ்டியான் ஹோப்மன் குழுவினர் 1,700-க்கும் மேற்பட்ட முதிய தம்பதியரின் பல வருடத் தரவுகளைப் பார்த்தபோது, கணவன் மனைவி இருவரின் மனச்சோர்வும் காலப்போக்கில் ஒன்றையொன்று தொடர்ந்து நகர்வதைக் கண்டார்கள். ஒருவர் மனம் சோர்ந்தபோது மற்றவரின் அன்றாட நடமாட்டமும் சேர்ந்து தளர்ந்திருந்தது. மனம் ஒருவருடையது, முட்டி இன்னொருவருடையது என்றாலும் இரண்டும் கட்டுண்டிருக்கின்றன. வாழ்க்கைத்துணையைப் பராமரிக்கும் முதியவர்களைப் பற்றி ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கடுமையானது. அந்தப் பராமரிப்பைப் பெரும் பாரமாக உணர்ந்தவர்கள் நான்கு வருடத்துக்குள் இறக்கும் அபாயம், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. படுக்கையில் கிடப்பவரை எல்லோரும் பார்க்கிறார்கள். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் உயிரும் அங்கே கரைந்துகொண்டிருக்கிறது.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. 2017-18-ல் நடந்த இந்திய முதுமை நெடுங்கால ஆய்வு, 72,000-க்கும் அதிகமானவர்களைப் பேட்டி கண்டது. அறுபதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் என்று அதன் அளவுகோல் காட்டியது. ஆனால் தனக்கு அந்த நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டவர்கள் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நூறு பேரில் எட்டுப் பேருக்கு இருக்கிற நோய் அவர்களில் ஏழு பேருக்குத் தெரியாது என்பதுதான் இதன் பொருள். அந்த ஆய்வு வாழ்க்கைத்துணையையும் வயது பாராமல் சேர்த்தே பேட்டி கண்டிருக்கிறது. தம்பதியரைத் தம்பதியராகவே ஆராயத் தேவையான தரவு நம் கையில் உண்டு. தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரிகளும் அதை எடுத்து, நம் மாநிலத்து இணைகளின் நிலையைத் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று கேட்கிறோம்.

எதை எதிர்க்கிறோம்

"வயசானா அப்படித்தான்." இந்தச் சொற்றொடரை எதிர்க்கிறோம். வயதானவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு மனச்சோர்வு நோய் கிடையாது. ஆகவே அது முதுமையின் இயல்பு ஆகாது. முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, நாள் முழுக்க மனம் கனத்துக் கிடப்பது, தூக்கமும் பசியும் கெடுவது, "எதுக்கு இருக்கோம்னே தெரியல" என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய நோய். தைராய்டு குறைபாடு, பி12 சத்துக் குறைபாடு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் இதே முகத்தோடு வரும். அதனால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். மறதி நோய் என்று குடும்பம் முடிவுகட்டிய சிலருக்கு உண்மையில் இருப்பது மனச்சோர்வு. அதைக் குணப்படுத்தினால் ஞாபகமும் தேறுவதுண்டு.

பெற்றோரைப் பங்கு போடுவதை எதிர்க்கிறோம். அம்மா மூத்த மகன் வீட்டில், அப்பா இளையவன் வீட்டில் என்று பிரித்துவைத்து, இரு பக்கமும் நியாயமாக நடந்துகொண்டதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். தாம்பரத்தில் ஒருவர், திருப்பூரில் ஒருவர். போனில் அரை நிமிடம் பேசி, "சாப்டியா" என்று கேட்டு, பேரனிடம் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஐம்பது வருடம் பக்கத்தில் படுத்தவர்களிடம் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒருவர் தவறாமல் தனித்தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். அநேகமாக எந்த வீட்டிலும் கேட்டதில்லை. வெளிநாட்டுப் பிரசவங்களும் இதில் சேர்த்தி. மகளுக்குப் பிரசவம் பார்க்க அம்மா ஆறு மாதம் அமெரிக்கா போகிறார். சமையலறைப் பக்கம் போயே பழகாத அப்பா இங்கே மெஸ் சாப்பாட்டில் தனியாக இருக்கிறார். முன்பின் தெரியாத ஊரில், பனியில், கதவடைத்த வீட்டில் அம்மா இருக்கிறார். குழந்தையின் படம் தினமும் வாட்ஸாப்பில் வருவதால் இருவரும் மகிழ்ச்சியாக இருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். போகவே கூடாது என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. இருவரும் சேர்ந்து போக முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால், இங்கே இருப்பவரை வாரம் இருமுறை நேரில் பார்க்க ஓர் ஆளை ஏற்பாடு செய்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.

சாவைக் காதலாக்கும் எழுத்தை எதிர்க்கிறோம். கணவர் இறந்த சில மணி நேரத்திலோ சில நாளிலோ மனைவியும் இறந்தால், "சாவிலும் இணைபிரியாத தம்பதி" என்று நம் பத்திரிகைகள் தலைப்பிடுகின்றன. 1969-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை, மனைவியை இழந்த, 55 வயதைக் கடந்த 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்தது. முதல் ஆறு மாதத்தில் அவர்களுடைய இறப்பு, அதே வயதில் மனைவியோடு வாழ்பவர்களிடம் எதிர்பார்க்கக்கூடியதைவிட 40 சதவீதம் அதிகம். அந்த ஆறு மாதம் ஓர் ஆபத்துக் காலம் என்று மருத்துவம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவருகிறது. நாமோ பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். துணையை இழந்தவரை அந்த ஆறு மாதமும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று நிருபர்கள் எழுத வேண்டும். "ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்" என்று முதியவர்கள் பேசினால் அது பாசப் பேச்சு என்று சிரித்துக் கடக்காதீர்கள். அதே நாளில் மருத்துவ உதவி தேட வேண்டிய பேச்சு அது.

எதில் உறுதியாக நிற்கிறோம்

ஒருவரைப் பார்க்க வந்தால் இருவரையும் கேட்க வேண்டும் என்பது எங்கள் அடிப்படைக் கொள்கை. சேர்ந்து ஒருமுறை, தனித்தனியாக ஒருமுறை. தனித்தனியாக என்பதைக் கைவிட மாட்டோம். எதிரே துணை இருக்கும்போது அவர் மனம் நோகும் என்று உண்மையை விழுங்கும் தலைமுறை இது. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா என்ற இரண்டு கேள்விகளே முதல் கட்டச் சோதனைக்குப் போதும் என்பது உலகெங்கும் ஆரம்பச் சுகாதார மையங்களில் பழகிப்போன முறை. இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தால் அடுத்த கட்டப் பரிசோதனை.

இதைச் செய்யப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். அந்த வாசலில் பெரும்பாலும் இருவர் இருக்கிறார்கள். மாத்திரை யாருக்கு என்பதைப் பார்க்காமல் இருவரிடமும் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்க அவர்களுக்குப் பயிற்சியும், அதற்கான கூடுதல் ஊதியமும் கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசைக் கோருகிறோம். ஊதியம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். பெண்கள் செய்யும் பராமரிப்பைச் சேவை என்று புகழ்ந்து இலவசமாக வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை இந்த இயக்கமே தொடரக் கூடாது.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-ல் முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். நாட்டுக்கே முன்னோடி அது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. இப்படி வழிகாட்டிய மாநிலம், தம்பதியரை இணையாகப் பார்க்கும் புறநோயாளிப் பிரிவையும் முதலில் தொடங்கட்டும். வாரம் ஒரு நாள் போதும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில்.

மனநல மருத்துவர்கள் போதாது என்ற பதில் வரும். உண்மைதான். அதற்குக் கோவாவில் விடை இருக்கிறது. அங்கே நடந்த ஓர் ஆய்வில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள், லேசான அறிகுறிகள் தென்பட்ட அறுபது வயதைக் கடந்தவர்களோடு உட்கார்ந்து அன்றாடச் சிக்கல்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். தூக்கத்தைச் சீராக்கும் பழக்கங்கள், சர்க்கரை போன்ற நோய்களைக் கவனித்துக்கொள்ளும் முறை, அரசு உதவிகளை வாங்கும் வழி எல்லாம் அதில் அடக்கம். 2019-ல் வெளியான அந்த ஆய்வில் பங்கேற்ற 181 பேரில், இந்த உதவி கிடைத்தவர்களில் 4.4 சதவீதத்தினருக்கே ஒரு வருடத்துக்குள் முழு மனச்சோர்வு நோய் வந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 14.4 சதவீதத்தினருக்கு வந்தது. வருமுன் காக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்த வேலையை நம் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் செவிலியர்களும் மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவிகளும் செய்வார்கள். எங்கள் இயக்கத்தின் முதல் பயிற்சி வகுப்பு அவர்களுக்குத்தான்.

மருந்தைப் பற்றியும் எங்கள் நிலையைச் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் குடும்பங்களில் பயம் அதிகம். மனச்சோர்வு மாத்திரைகள் முதியவர்களுக்கும் பயன் தரும். குறைந்த அளவில் தொடங்குவார்கள், பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும். சிலருக்கு ரத்தத்தில் சோடியம் குறையலாம் என்பதால் பரிசோதனை தேவை. மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடையில் நேரடியாக வாங்கும் தூக்க மாத்திரை வேறு கதை. அது சோர்வைத் தீர்க்காது, இரவில் தள்ளாட வைத்து இடுப்பெலும்பை உடைக்கும். அதே சமயம் மாத்திரை மட்டுமே போதும் என்றும் சொல்லமாட்டோம். காதுக் கருவி வாங்கித் தருவதும், கண்புரை அறுவையைத் தள்ளிப்போடாமல் இருப்பதும், குளியலறையில் கைப்பிடி பொருத்துவதும் மனச்சோர்வுக்கான வைத்தியத்தில் சேர்ந்தவையே. கேட்காத காதோடு வாழும் கணவரிடம் ஒரு மனைவி எத்தனை முறைதான் உரக்கப் பேசுவார்? ஒரு கட்டத்தில் பேச்சே நின்றுபோகிறது.

இன்னொன்றைத் தெளிவாக்க வேண்டும். நாங்கள் திருமணத்தைப் புனிதமாக்க வரவில்லை. கசப்பிலும் அடியிலும் கழிந்த ஐம்பது வருடங்களும் ஊரில் உண்டு. அங்கே ஒருவர் படுத்தபின், இதுவரை தன்னை மதிக்காத மனிதருக்கு மலம் அள்ளும் பெண்ணிடம் போய் "அன்பாக இருங்கள்" என்று சொல்வது கொடுமை. அந்தப் பெண்ணின் மனச்சோர்வுக்கு அவர் பெயரிலேயே சிகிச்சை வேண்டும், அவருக்கு ஓய்வு வேண்டும், வேறு கைகள் வந்து பாதி வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். இருவரையும் சேர்த்துப் பார்ப்பது என்றால் இருவருக்கும் தனித்தனி நீதி என்றும் பொருள். பிள்ளையில்லாத தம்பதியர், கூலி வேலைக்குப் போனால்தான் உலை வைக்க முடிகிற எழுபது வயது இணைகள், மாதந்தோறும் வரும் முதியோர் உதவித்தொகையில் வாழ்பவர்கள் ஆகியோரிடம் வெறும் ஆலோசனையோடு போவது அவமதிப்பு. அவர்கள் வீட்டுக்கு எங்கள் தொண்டர் போகும்போது உதவித்தொகை விண்ணப்பமும் ரேஷன் கார்டு திருத்தப் படிவமும் கையில் இருக்க வேண்டும்.

இந்த இயக்கத்தில் சேரக் கட்டணம் இல்லை. சேருபவர் தன் தெருவில் உள்ள முதிய தம்பதியர் இரண்டு வீட்டாரை மாதம் ஒருமுறையாவது நேரில் பார்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும், ஒருவர் இறந்தால் மற்றவரை அடுத்த ஆறு மாதமும் வாரந்தோறும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

இதை வாசிக்கிற மகனுக்கும் மகளுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஊருக்குப் போன் செய்யும்போது அநேகமாக ஒருவர்தான் எடுக்கிறார், "அப்பா நல்லா இருக்கார்" என்று மற்றவருக்கும் சேர்த்து அவரே பதில் சொல்கிறார். இந்த வாரம் அந்தப் பதிலோடு வைத்துவிடாதீர்கள். மற்றவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, ராத்திரி தூக்கம் வருகிறதா, எதிலாவது மனம் போகிறதா என்று கேளுங்கள். பிறகு, எடுத்தவரிடமும் இதையே தனியாகக் கேளுங்கள். பதில் கவலை தந்தால் டெலிமனாஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். நாளின் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.